குறியை மாற்றாத கட்டு

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் கட்டுரை எழுதினால் அது உருக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று எவனோ ஒருவன் சட்டம் போட்டிருக்கிறான். எங்கள் ஆசிரியர்கள் கொண்டுவரும் சிறப்பு மலருக்காகக் கட்டுரை கேட்ட கௌசல்யா டீச்சரும் அதையேதான் சொன்னார். "படிக்கிறவங்க கண்ணு கலங்கணும் சார்." என் வகுப்பில் கண் கலங்காமல் வெளியே போனவர்கள் குறைவு, அது வேறு சங்கதி. இந்த வயதில் புதிதாக ஆட்களைப் பிடித்து அழவைக்க எனக்குத் தெம்பில்லை. எனவே உருக்கம் வேண்டுவோர் அடுத்த கட்டுரைக்குத் தாவலாம்.

கௌசல்யா ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறார். நல்ல டீச்சர், வாய் கொஞ்சம் நீளம். போனில் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. "இப்ப புள்ளைங்க தொகுமுறை வகுத்தல் கணக்கைப் போன்ல போட்டோ புடிக்குதுங்க சார். படிப்படியா விடை வந்துருது. இனிமே பேப்பரையும் மெஷினே திருத்தப்போவுதுன்னு பேசிக்கிறாங்க. விடைக்குறிப்பைக் கொடுத்துட்டா வரி வரியா ஒத்துப் பாத்து மார்க் போட்டுருமாம். வெயில்ல திருத்துற முகாமுக்கு அலைய வேணாம். நல்லதுதானே?"

"நல்லதில்லை" என்றேன்.

"ஏன் சார்?"

"மெஷினுக்கு எந்திரிச்சு நிக்கத் தெரியாதும்மா."

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன்.

நான் பி.எட். படித்த கதையை விட்டுவிடலாம். அந்தப் படிப்பு முழுக்க அட்டையில் முக்கோணம் வெட்டினேன். வெட்டிய முக்கோணங்கள் எதற்கும் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது வரவில்லை. ஆனாலும் வேலை கொடுத்தார்கள். நாட்டில் கணக்கு வாத்தியாருக்கு அம்புட்டுத் தட்டுப்பாடு.

திருமங்கலம் பள்ளியில் போட்டார்கள். அங்கே தலைமை ஆசிரியர் அருணாசலம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என் வேலைக் காலத்தில் நான் பயந்த ஒரே ஆள் அவர். எதிர்த்து நின்ற ஒரே ஆளும் அவர்தான்.

ஆள் ஒல்லி. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வருவார், வருவது தெரியாது. குரலை உயர்த்த மாட்டார். சத்தம் குறையக் குறைய நாங்கள் நிமிர்ந்து நிற்போம். எல்லாரையும் "சார்" என்பார். வாட்ச்மேனும் சார், ஆறாம் வகுப்புப் பயலும் சார். பேச்சிலிருந்து "சார்" காணாமல் போனால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வகுப்புக்குள் வந்தால் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டு கரும்பலகையின் வலது கீழ் மூலையை மட்டும் பார்ப்பார். தொகுமுறை வகுத்தலில் மீதி வந்து உட்காரும் இடம் அது. அந்த மூலை சரியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வாத்தியார் என்ன பேசினார், எப்படி நடத்தினார், உயிரோடுதான் இருக்கிறாரா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

கணக்கு தெரியாமல் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பல்லுறுப்புக் கோவையை x+3 மாதிரி ஒன்றால் வகுக்க வேண்டும். நீள் வகுத்தலில் போனால் தாள் காலியாகும், பொறுமையும் காலியாகும். தொகுமுறை வகுத்தலில் x எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிட்டு, அவற்றுக்கு முன்னால் நிற்கும் எண்களான கெழுக்களை மட்டும் வரிசையாக உட்கார வைப்போம். x+3 என்பதில் உள்ள 3-இன் குறியை மாற்றி −3 என்று இடது ஓரத்தில் எழுதுவோம். முதல் கெழுவை அப்படியே கீழே இறக்கு, ஓரத்து எண்ணால் பெருக்கு, அடுத்த கெழுவுக்குக் கீழே எழுதிக் கூட்டு. வந்ததைப் பெருக்கு, கூட்டு. கடைசியில் நிற்பது மீதி, அதற்கு முன்னால் நிற்பவர்களெல்லாம் ஈவு. அவ்வளவுதான். அருணாசலம் சார் இதைச் சுருக்கி ஒரு மந்திரமே செய்து வைத்திருந்தார்: "குறியை மாத்து, கூட்டு." பள்ளிக்கூடம் மொத்தமும் அதைக் கத்தும். ரோட்டில் போகிறவர்கள் ஏதோ கட்சிக் கோஷம் என்று நினைத்திருப்பார்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்று வைத்திருந்தேன். கோவையில் ஒரு படி விடுபட்டிருந்தால், உதாரணமாக x² இல்லையென்றால், அந்த இடத்தில் பூச்சியம் போட வேண்டும். பயல்கள் போட மாட்டார்கள், மறந்துவிடுவார்கள். அதனால், "பந்திக்கு வராதவனுக்கும் இலை போடணும்டா" என்று நடத்தினேன். பின்னால் நின்ற அருணாசலம் சார் மெதுவாகச் சொன்னார்: "இது கணக்கு வகுப்பு சார். கல்யாண மண்டபம் இல்லை."

காலாண்டுத் தேர்வில் ஒரு பயல் பூச்சியத்துக்குப் பதில் வாழையிலையே வரைந்து வைத்துவிட்டான். நரம்பெல்லாம் போட்டு, தண்ணீர் தெளித்து. அருணாசலம் சார் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மார்க் போட்டிருக்கீங்களே சார்?"

"இலை சரியான இடத்துல இருந்துச்சு சார்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். கரும்பலகையில் நான் அழிக்கும் கணக்கெல்லாம் என் சட்டையின் முன்பக்கத்தில்தான் ஏறும். என் உடம்பு அப்படி, பலகைக்கும் எனக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. அழித்த விடையைப் பயல்கள் என் தொப்பையைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சு. "சட்டையத் தட்டிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடம் கழித்து, மதுரையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். அப்போதெல்லாம் இந்தக் கணக்கு பத்தாம் வகுப்பில்தான் இருந்தது, பிறகுதான் ஒன்பதாம் வகுப்புக்கு இறங்கியது. சித்திரை வெயில். ஒரு பள்ளியின் பெரிய ஹாலில் பெஞ்சு பெஞ்சாக நாங்கள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றும், காற்று மட்டும் வராது. எங்கள் குழுவுக்கு முதன்மைத் தேர்வாளர் யார் தெரியுமா? அருணாசலம் சாரேதான். அதே ரப்பர் செருப்பு. கையில் பச்சை மைப் பேனா. நாங்கள் சிவப்பில் திருத்த வேண்டும், அவர் பச்சையில் எங்களைத் திருத்துவார்.

பக்கத்து நாற்காலியில் சாந்தாராம். மகால் பக்கத்து நெசவுக் குடும்பம், சௌராஷ்டிரக்காரர். பக்கம் பக்கமாகத் தமிழில் பேசினாலும் வாய்ப்பாடு மட்டும் வீட்டு மொழியில்தான் ஓடும், உதட்டுக்குள்ளே. என்னை மாப்ள என்பார். எந்த முறையில் மாப்ள என்று இருவருமே விசாரித்ததில்லை.

காலையில் வாங்கிய விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். வேறு மாவட்டத்துக் கட்டு. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று தெரியாது, தெரியவும் கூடாது. வகுத்தல் கணக்கு வந்தது: 2x³ − 14x + 15 ஐ x+3 ஆல் வகுத்து ஈவும் மீதியும் காண்க. முதல் பேப்பரில் ஓரத்து எண் 3 என்று இருந்தது. −3 இல்லை. குறியை மாற்றவில்லை. சிவப்புப் பேனாவைக் கொண்டுபோனேன். கண் கீழே நழுவியது. ஈவு 2x² − 6x + 4, மீதி 3. அம்புட்டும் சரி.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எவனிடமோ எட்டிப் பார்த்து விடையை மட்டும் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த பேப்பர். அதிலும் 3. அதற்கடுத்ததிலும் 3. கட்டு முழுக்க ஒருத்தனும் குறியை மாற்றவில்லை, ஒருத்திக்கும் அந்த எண்ணமே இல்லை. அப்புறம்தான் நடுவரிசையைப் பார்த்தேன். இவர்கள் கூட்டவே இல்லை. கழித்திருக்கிறார்கள். 2-ஐ இறக்கி, மூன்றால் பெருக்கி ஆறு, பூச்சியத்தில் ஆறைக் கழித்து −6. அதை மூன்றால் பெருக்கி −18, −14-இலிருந்து −18-ஐக் கழித்தால் 4. மூன்றால் பெருக்கி 12, பதினைந்தில் பன்னிரண்டு போக 3.

சாந்தாராமிடம் நகர்த்தினேன். அவர் உதடு அசைந்தது. பெருக்கினார், கழித்தார், நிமிர்ந்தார். "மாப்ள, வருதே!"

"வரத்தான் செய்யும். குறியை மாத்திட்டுக் கூட்டுறதும், மாத்தாமக் கழிக்கிறதும் ஒண்ணுதானே."

"அது சரி. அவருக்கு வருமா?" என்று கண்ணால் காட்டினார்.

பின்னால் அருணாசலம் சார். எப்போது வந்தார் என்று தெரியாது, ரப்பர் செருப்பு.

"இது என்ன சார்?"

காட்டினேன். வலது கீழ் மூலையைப் பார்த்தார், தலை லேசாக ஆடியது. பிறகு கண் இடது ஓரத்துக்குப் போனது. ஆட்டம் நின்றது.

"முதல் வரியிலயே குறி தப்பு. கோடு போடுங்க சார்."

"விடை சரியா இருக்கே சார்."

"அதுதான் சார் சந்தேகம். தப்பான வழியில போயி சரியான வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்து நின்னா அவனுக்கு என்ன பேரு? திருடன்."

"சொந்தக்காரனாவும் இருக்கலாம் சார். கொல்லைப்பக்கமா வந்திருப்பான்."

ஹாலில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "விடைக்குறிப்புல என்ன இருக்கு?"

"மைனஸ் மூணு. ஆனா மாற்று முறைக்கும் மார்க் தரலாம்னு இருக்கு சார்."

"மாற்று முறைன்னா நீள் வகுத்தல். இது முறையே இல்லை."

"சார், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். வண்டிய அந்தப் பக்கமாத் திருப்பிட்டு முன்னால ஓட்டுறது ஒரு வழி. திருப்பாம ரிவர்ஸ்லயே போறது இன்னொரு வழி. சேர்ற இடம் ஒண்ணுதான்."

"ரிவர்ஸ்லயே போனா போலீஸ் புடிப்பானா மாட்டானா?"

மறுபடி சிரிப்பு, இந்த முறை அவர் பக்கம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், நல்ல பதில். ஆனால் அடுத்து அவர் செய்த காரியத்தில் சிரிப்பு அடங்கியது. என் கட்டை வாங்கிப் பேப்பர் பேப்பராகப் புரட்டினார். எல்லாவற்றிலும் அதே 3. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ஒருத்தன் பண்ணினா தப்பு. ஒரு கட்டே பண்ணினா காப்பி. கூட்டமா அடிச்சிருக்காங்க. முகாம் அலுவலருக்கு எழுதுறேன்."

அந்தத் தாள் மேலே போனால் என்ன நடக்கும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கட்டு மொத்தத்துக்கும் முடிவை நிறுத்தி வைப்பார்கள். விசாரணை என்பார்கள். அது முடிவதற்குள் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடிந்திருக்கும், ஐ.டி.ஐ. சேர்க்கையும் முடிந்திருக்கும். முகம் தெரியாத ஒரு வகுப்பே வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஆண் பிள்ளையை ஏதாவது பட்டறைக்கு அனுப்புவார்கள். பெண் பிள்ளைக்கு என்ன செய்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எழுந்து நின்றேன். நான் எழுந்தால் பெஞ்சும் கூடவே கொஞ்சம் எழும், அதனால் ஹாலே திரும்பிப் பார்த்தது.

"இது காப்பி இல்ல சார். பாடம். யாரோ ஒரு வாத்தியார் இப்படி நடத்தியிருக்காரு."

"புத்தகத்துல இல்லாததை எந்த வாத்தியார் சார் நடத்துவாரு?"

அங்கிருந்த யாரும் நடத்தியதில்லை, நான் உள்பட.

"உட்காருங்க சார்."

"நிரூபிக்கிறேன் சார்."

"உட்காருங்க."

'சார்' போய்விட்டது. சாந்தாராம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாப்ள, ஒக்காரு. இந்த வருசம் ஒம் பேரு ஹெச்.எம். புரமோஷன் பட்டியல்ல இருக்கு. வீணாக்காத." இருந்தது உண்மைதான். வீட்டில் அதற்காக எனக்குப் புதுச் சட்டையே எடுத்து வைத்திருந்தார்கள், தொப்பைக்கும் சேர்த்து.

உட்காரவில்லை. கட்டை இழுத்து, சரியான பேப்பர்களையெல்லாம் ஒதுக்கினேன். சரியான விடையை வைத்து யோக்கியதையை நிரூபிக்க முடியாது, யாருக்கும் சரியான விடை ஒன்றுதான். எனக்கு வேண்டியது தப்பான பேப்பர். என் வேலை வாழ்க்கையில் தப்பான விடையை அவ்வளவு ஆசையாகத் தேடியது அன்றுதான்.

கிடைத்தது. ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். "இதப் பாருங்க சார். −14-ல இருந்து −18-ஐக் கழிக்கணும். இவன் ரெண்டு மைனசையும் சேர்த்து −32 போட்டுட்டான். மீதி 111."

அடுத்தது. "இந்தப் புள்ள வராதவனுக்கு இலை போடல. பூச்சியத்தையே காணோம். மீதி 75."

அடுத்தது. "இவன் மூவாறு பதினாறுன்னு நெனச்சுக்கிட்டான். மீதி 9."

அருணாசலம் சார் மூன்றையும் பார்த்தார். நான் விடவில்லை, குரலும் ஏறிவிட்டது. அது என் தொண்டைக்கே உள்ள வியாதி.

"காப்பி அடிக்கிறவன் தப்பையும் சேர்த்துத்தான் சார் அடிப்பான். நாம பாக்காத காப்பியா? முன்னால இருக்கிறவன் தன் பேரை எழுதியிருந்தா அதையும் எழுதுவான். இங்க போன வழி ஒண்ணு. விழுந்த குழி ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொருத்தனும் சொந்தமா விழுந்திருக்கான் சார். சொந்தமாப் போட்டவன்தான் சொந்தமா விழ முடியும்."

டீ கொண்டுவந்த ஆள் வாசலிலேயே தூக்கோடு நின்றுவிட்டார்.

அருணாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக்கொண்டிருந்த அதே தாளின் கீழ்ப்பாதியில் அவரே ஒரு கணக்கை உருவாக்கினார். வகுக்கும் கோவையை வேண்டுமென்றே x−2 என்று வைத்தார். குறி எதிர்மறையாக இருந்தால் இந்த முறை கவிழ்கிறதா என்று பார்க்கிறார், எனக்குப் புரிந்தது. ஒரு பக்கம் குறியை மாற்றிக் கூட்டினார். இன்னொரு பக்கம் மாற்றாமல் கழித்தார். நடுவில் ஒரு இடத்தில் பேனா நின்றது. பள்ளிக்கூடம் பூராவையும் கத்த வைத்த மனிதர், தன் மந்திரத்தைத் தானே தலைகீழாகப் போட்டுப் பார்க்கிறார். எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. உட்காரும் அளவுக்கு இல்லை.

இரண்டு பக்கமும் வலது கீழ் மூலையில் ஒரே எண் வந்து உட்கார்ந்தது. அவர் தலை ஆடியது.

தாளை நாலாகக் கிழித்தார்.

"முழு மார்க் போடுங்க" என்றார். "விழுந்தவனுக்கு, விழுந்த படிக்கு மட்டும் குறைங்க. மத்தக் குழுவுக்கும் நான் சொல்லிடுறேன். இதே மாதிரி வேற கட்டு வந்தாலும் வரும்."

"நன்றி சார்."

"நன்றியெல்லாம் வேணாம். உங்களுக்கு மெமோ உண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கு சார்? நான் சொன்னது சரின்னு இப்பத்தானே..."

"கணக்குல நீங்க சரி. நான் உட்காரச் சொன்னேன். ரெண்டு தடவை. நீங்க உட்காரல. முகாம்ல சத்தம் போட்டீங்க. அது வேற கணக்கு சார்."

'சார்' திரும்பி வந்துவிட்டது. ரப்பர் செருப்பு அடுத்த பெஞ்சுக்குப் போனது.

மெமோவும் வந்தது. பேச்சுத் தவறாதவர். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என் மேசையில் இருந்தது. அந்த வருடம் ஹெச்.எம். பட்டியல் என்னைத் தாண்டிப் போனது. அப்புறம் வந்த பட்டியல்களும் அதே வழக்கத்தைக் கடைப்பிடித்தன. வாத்தியாராகச் சேர்ந்து வாத்தியாராகவே வீட்டுக்கு வந்தேன். ஹெச்.எம். நாற்காலிகளின் கைப்பிடி குறுகல், எனக்குப் பத்தாது என்று வீட்டில் சமாதானம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் யார், அந்த வாத்தியார் எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. தெரிந்தால், என் பிழைப்பைக் கெடுத்ததற்கு ஒரு காப்பியாவது வாங்கித் தரச் சொல்வேன்.

கௌசல்யா டீச்சர், மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். அது வெயிலில் வாடாது, டீ கேட்காது, தப்பாகக் கூட்டாது. எல்லாம் சரி. விடைக்குறிப்பில் −3 என்று இருக்கும், பேப்பரில் 3 என்று இருக்கும், அது கோடு போடும். அடுத்த பேப்பர், கோடு. அதற்கடுத்தது, கோடு. கட்டு முடிந்ததும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, சந்தேகம் என்று அதுவே ஒரு அறிக்கையும் அனுப்பும். அருணாசலம் சாரும் அங்கிருந்துதான் தொடங்கினார். ஆனால் அவர் முன்னால் ஒருத்தன் நின்று கத்தினால், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தன் கையாலேயே கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஆள் அவர். அந்த மெஷினை வாங்குகிறவர்களிடம் இதை மட்டும் கேளுங்கள்: இதன் முன்னால் எங்கே நிற்க வேண்டும்? நிற்க இடம் இல்லையென்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை என்று எனக்கும் தெரியும். கேட்காவிட்டாலும் என் ஒப்புதல் இல்லைதான்.

மெமோவுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. சாந்தாராம் மெனக்கெட்டு வீட்டுக்கே வந்தார், வருத்தம் தெரிவித்து ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுவந்திருந்தார். "கையெழுத்து மட்டும் போடு மாப்ள. பட்டியல்ல பேரு திரும்ப வந்துரும்." நான் அதை மடித்து அவர் பையிலேயே வைத்துவிட்டு, வேறு தாளில் என் பதிலை எழுதினேன். நின்றது உண்மை. குரல் உயர்ந்தது உண்மை. அந்தக் கட்டு மறுபடியும் என் மேசைக்கு வந்தால் மறுபடியும் நிற்பேன்.

சாந்தாராம் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "பணிவுடன்னு ஒரு வார்த்தையாவது சேத்துக்க மாப்ள."

சேர்த்தேன். மறுபடியும் பணிவுடன் நிற்பேன்.